பனம்பழத்தில் தோய்த்த வெள்ளைச் சட்டை

வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது என் ஸ்கூட்டியில் கால் வைக்கிற இடத்தில் ஒரு உரப்பை கிடக்கும். வீதியோரக் கூல்பார் ஒன்றில் அதை நிரப்பித் தருவார்கள். பிழிந்த தேசிக்காய்க் கோது, அன்னாசித் தோல், சில நாட்களில் தோடம்பழத் தோல். முதல் தடவை கேட்டபோது கடையில் நின்ற பொடியன், "ரீச்சர் ஆடு வளர்க்கிறீங்களோ?" என்றான். ஆட்டுக்கில்லை, பாத்திரம் கழுவ என்றேன். அவன் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த கிழமையிலிருந்து அழுகலை எறிந்துவிட்டு நல்லதாகப் பார்த்துக் கட்டி வைக்கிறான். என் நிலைமை பற்றி ஏதோ முடிவுக்கு வந்திருக்கிறான் போல.

நான் விசுவமடுப் பக்கம் இருக்கிறேன். விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். கொஞ்ச வருடங்களாக வீட்டில் எறிகிற தோல், கோது, உமி, சாம்பல் எல்லாவற்றையும் வைத்துக் கழுவிப் பார்க்கிற பழக்கம் பிடித்திருக்கிறது. பலன் கிடைத்ததும் உண்டு, அம்மாவிடம் பேச்சு வாங்கியதும் உண்டு. பேச்சு வாங்கியதுதான் கூட.

"உனக்கென்ன விசரே பிள்ளை? சவுக்காரம் இல்லாத காலமே இப்ப?"

அம்மா இதைக் கேட்கிற விதத்தில் ஒரு விடயம் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

தொடங்கியது 2022இல். காஸ் வரிசை, மண்ணெண்ணெய் வரிசை எல்லாம் உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். கோடிப்பக்கம் கிடந்த அடுப்புக்கல் மூன்றும் திரும்பக் குசினிக்கு வந்தன. விறகு வந்தால் கூடவே கரியும் வரும். கரி பிடித்த பானைக்குப் பாத்திரம் கழுவுகிற திரவம் ஒரு போத்தல் ஒரு கிழமைக்குக் காணாது. அதுவோ கடைக்குப் போகிற ஒவ்வொரு தடவையும் ஒரு விலை. அடுப்புக்குள் சாம்பல் குவிந்து கிடக்க, நான் கடையில் நின்று சில்லறை எண்ணிக்கொண்டிருந்தேன். அமிலம், காரம் என்று வருடம் முழுக்கக் கரும்பலகையில் எழுதுகிறவளுக்கு இது தோன்றவில்லையே என்று என்மேலேயே ஒரு ரோசம்.

எங்கள் தண்ணீரைப் பற்றி முதலில் சொல்லவேண்டும். வன்னியில் வன்னீர் என்று பிள்ளைகளுக்குப் பகிடியாகச் சொல்லிக்கொடுப்பேன். கல்சியமும் மகனீசியமும் கூடின கிணற்றுத் தண்ணீர். சவர்க்காரம் லேசில் நுரைக்காது. அதற்குப் பதிலாகச் சாம்பல் நிறத்தில் ஒரு பிசுக்குத் திரண்டு பேசின் விளிம்பில் ஒட்டும். பார்க்க அழுக்குப் போலக் கிடந்தாலும் அது சவர்க்காரமேதான், கல்சியத்தோடு சேர்ந்து கரையாத உப்பாகிவிட்டது. பிள்ளைகளின் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை மூன்றாம் தவணைக்குள் மங்கிப்போவதில் இதற்கும் பங்குண்டு. தாய்மாரோ சட்டையைத் தேய்த்துத் தேய்த்துப் பிள்ளையைத்தான் பேசுவார்கள்.

மின்கேத்திலைத் திறந்து பார்த்தால் இன்னும் விளங்கும். எங்களுடையதின் அடியில் முட்டைக்கோது கனத்துக்கு வெள்ளைப் படிவு. சுரண்டினால் நகம்தான் தேய்ந்தது. பிழிந்த தேசிக்காய்க் கோது பன்னிரண்டை உள்ளே போட்டு, படிவு மூடும் அளவுக்குத் தண்ணீர் விட்டுக் கொதிக்க வைத்தேன். சுவிட்சு தானாக நின்ற பிறகும் அடியிலிருந்து பொடிப்பொடியாகக் குமிழி வந்துகொண்டேயிருந்தது. காதைக் கிட்டக் கொண்டுபோனால் சோடாப் போத்தல் திறந்ததுபோல ஒரு சீறல். கல்சியம் காபனேற்று சித்திரிக்கமிலத்தில் கரைய, காபனீரொட்சைட்டு வெளியேறுகிறது. வகுப்பில் சோதனைக்குழாயில் காட்டுகிற அதே தாக்கம்தான், இங்கே தேத்தண்ணீர் வைக்கிற சாமானுக்குள் நடக்கிறது. ஒரு மணித்தியாலம் விட்டுக் கவிழ்த்தேன். தகடு தகடாக விழுந்தது. ஒரு தகட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், மரத்தின் வளையம் போல ஓரத்தில் கோடு கோடாக இருந்தது. எத்தனை நாள் தேத்தண்ணீரோ.

இரண்டு தடவை வெறும் தண்ணீர் கொதிக்க வைத்து ஊற்றினேன். அப்படியிருந்தும் அன்றைய தேத்தண்ணீரை ஒரு மிடறு குடித்துவிட்டு இவர், "தேசிக்காய் விட்டனீரோ?" என்றார்.

அந்த வெற்றியோடு நிறுத்தியிருக்கலாம். யூரியூப்பில் நொதியக் கழுவுநீர் என்று ஒன்று கண்ணில் பட்டது. மூன்று பங்கு பழத்தோல், ஒரு பங்கு சீனி, பத்துப் பங்கு தண்ணீர். மூன்று மாதம் மூடி வைக்க வேண்டும். தாய்லாந்தில் ரோசுகொன் பூம்பன்வொங் என்ற பெண்மணி பரப்பிய முறை. சீனிக்குப் பதில் பனங்கட்டி போட்டால் இன்னும் விசேஷம் என்று ஒருவர் கீழே எழுதியிருந்தார். பனங்கட்டி விலை தெரிந்தவர் அப்படி எழுதமாட்டார். நான் சீனிதான் போட்டேன். ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தல் நாலு, குசினி மேசைக்குக் கீழே.

முதல் மாதம் நாள்தோறும் மூடியைத் தளர்த்திக் காற்றை விடவேண்டும். வவுனியாவில் மூன்று நாள் செயலமர்வு வந்தது, போனேன், வீட்டில் சொல்லிவிட்டுப் போக மறந்துவிட்டேன். திரும்பி வந்த அன்று களைப்பில் படுத்துவிட்டேன். இரவு இரண்டு மணிக்குப் பக்கம் ஒரு போத்தல் வெடித்தது.

வேறு ஊரில் என்றால் இது ஒரு பகிடிக் கதை. நான் லைற்றைப் போட்டபோது அம்மா கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் குப்புறக் கிடந்தார். ஒரு கையால் சின்னவளின் தலையை நிலத்தோடு அமத்திப் பிடித்திருந்தார். சின்னவளுக்கு அப்போது எட்டு வயது. அவள் அம்மம்மா ஏதோ விளையாட்டுக் காட்டுவதாக நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அடுத்த வளவிலிருந்து ரோர்ச் வெளிச்சம் ஒன்று வேலிக்கு மேலால் வந்தது. "ஒண்டுமில்லை ஆச்சி, போத்தல்!" என்று கத்தினேன். அம்மா எழும்பிக் கிணற்றடிக்குப் போய் முகம் கழுவிவிட்டு வந்து படுத்தார். எல்லாவற்றுக்கும் என்னைப் பேசுகிறவர் இதற்கு மட்டும் இன்றுவரை ஒரு சொல் பேசவில்லை. இப்போதெல்லாம் அகல வாய் வாளியில் போட்டுத் துணி கட்டி விடுகிறேன். மூடி என்ற பேச்சே இல்லை.

தப்பிய மூன்று போத்தலும் பிறகு மண்ணிறமாகத் தெளிந்தன. பாசிச்சாயத்தாளை வைத்தேன், நீலம் சிவப்பானது. பெயர்தான் நொதியம். என் கணிப்பில் அதில் வேலை செய்வது பெரும்பாலும் வினாகிரி. மதுவம் சீனியை மதுசாரமாக்குகிறது, பற்றீரியா மதுசாரத்தை அசற்றிக்கமிலமாக்குகிறது. கள்ளு புளிக்கிற அதே வழி. கள்ளுக்கொட்டில் தெரிந்த ஊருக்கு இதைத் தாய்லாந்திலிருந்து வந்து சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. யன்னல் கண்ணாடி, குளியலறைத் தைல்ஸில் தண்ணீர் காய்ந்த வெள்ளைத் தடம், பைப் வாய், இவற்றுக்கு நன்றாகவே வேலை செய்கிறது. எண்ணெய்ப் பிசுக்குக்கு வாயே திறக்காது. வெடித்த அன்று நிலத்தில் ஊற்றுப்பட்டதை விடியும்வரை துடைக்காமல் விட்டதில் எங்கள் வீட்டுத்திட்ட வீட்டின் சீமெந்துத் தரையில் வெளிறின படை ஒன்று, கிட்டத்தட்ட இலங்கைப் படம் போல, அப்படியே நிற்கிறது. கேத்தில் படிவைத் தின்கிற புளிப்புக்குச் சீமெந்தும் ஒன்றுதான்.

எண்ணெய்ப் பிசுக்குக்குச் சாம்பல். இதில் எனக்குக் கொஞ்சம் பரம்பரைப் பெருமையும் உண்டு. அம்மப்பா பரந்தன் கெமிக்கலில் வேலை செய்தவர். ஆனையிறவு உப்பைக் கரைத்து, மின் பாய்ச்சி, எரிசோடாவும் குளோரீனும் எடுத்த தொழிற்சாலை அது. 1950களில் தொடங்கி, எண்பதுகளின் நடுவில் போரோடு நின்றுபோனது. சவர்க்காரக் கட்டிக்கு எரிசோடா எப்படியென்றால் சோற்றுக்கு அரிசி போல. எரிசோடா வருமுன் உலகின் பல இடங்களில் சாம்பல்தான். காரத்துக்கு ஆங்கிலத்தில் சொல்கிற அல்கலி என்ற சொல்லே அரபியில் செடிச் சாம்பலைக் குறித்தது. பொற்றாசியம் என்ற பெயரும் பானையில் வற்றக் காய்ச்சிய சாம்பலிலிருந்து வந்ததுதான். இதை வகுப்பில் சொல்லும்போது பின்வாங்குப் பொடியள்கூட நிமிர்ந்து பார்ப்பார்கள்.

தேங்காய்ப் பொச்சும் பாளையும் எரித்த சாம்பலில் பொற்றாசியம் கூட இருக்கும். எங்கள் பக்கத்தில் தேங்காய் என்றால் பளை. பளையில் இருக்கிற மச்சாள் வீட்டிலிருந்து பொச்சு வரும். எரித்து, அரித்து, ஒரு பேணி சாம்பலுக்கு மூன்று பேணி தண்ணீர் விட்டு இரவு ஊறவிட்டால், காலையில் மேலே தேத்தண்ணீர்ச் சாயம் போல ஒரு தெளிவு நிற்கும். விரலுக்கிடையில் வைத்துப் பார்த்தால் வழுக்கும். அந்த வழுக்கல் சாம்பல் தண்ணீருடையது மட்டுமில்லை, உங்கள் தோலிலுள்ள எண்ணெயே சவர்க்காரமாக மாறத் தொடங்குகிற வழுக்கல். அதனால் கையுறை போடுங்கள். நான் போடாமல் ஒரு மாதம் செய்து விரல் நுனிகள் வெடித்து, கறிக்கு உப்புப் போடும்போதெல்லாம் கண்ணீர் விட்டவள்.

வடை சுட்ட இரும்புத் தாச்சியில் அந்தத் தெளிவைச் சூடாக ஊற்றி அரை மணித்தியாலம் விட்டேன். பிசுக்கு வெண்ணெய் போல உரிந்து வந்தது. பார்த்த உற்சாகத்தில் அம்மாவின் பெரிய அலுமினியப் பானையிலும் மீதியை ஊற்றிவிட்டு ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போய்விட்டேன்.

பின்னேரம் வந்தபோது பானை முற்றத்து மாமரத்தடியில் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அது நல்ல அறிகுறியில்லை. உள்ளே முழுக்கக் கறுத்து, தொட்டால் சொரசொரப்பாக. அலுமினியத்தைக் காரம் தின்னும் என்று பதினைந்து வருடமாகப் படிப்பிக்கிறேன். "இடம்பெயர்ந்து ஓடேக்கையும் விடாமல் காவிக்கொண்டு வந்த பானை" என்று மட்டும் அம்மா சொன்னார். பொய்யில்லை, அந்தப் பானை எங்களோடு நாலு இடம் மாறியது. பிழிந்த தேசிக்காய்க் கோதும் தண்ணீரும் விட்டுக் கொதிக்க வைத்துக் கறுப்பை எடுத்துவிட்டேன், புளிப்பு அந்தப் படையைக் கரைக்கும். ஆனால் பழைய வழுவழுப்பு வரவில்லை. இன்றைக்கும் சோறு அடியில் கொஞ்சம் பிடித்தால் அம்மா அகப்பையால் ஓசை வரச் சுரண்டுவார், எனக்குக் கேட்கவேண்டும் என்று.

வடை பொரித்த பழைய எண்ணெயையும் சாம்பல் தண்ணீரையும் சேர்த்துச் சவர்க்காரமே காய்ச்சலாம் என்று வெளிக்கிட்ட கதையும் உண்டு. கட்டி வரவில்லை, களிதான் வந்தது. பொற்றாசியச் சவர்க்காரம் அப்படித்தான், இறுகாது. மூன்று நாள் வீடெல்லாம் உளுந்துவடை வாசம்.

சரி, தேய்க்கிற சாமான்களுக்கு வருவோம். நூறு கிலோ நெல் குத்தினால் இருபது கிலோவளவு உமி வரும். மில்லுக்குப் பின்னால் மலையாகக் கிடப்பது அதுதான். அந்த உமி எரிந்த சாம்பலில் பெரும்பங்கு சிலிக்கா, அதாவது மணல் செய்யப்பட்ட அதே பொருள். கறுத்த உமிக்கரியால் பல் விளக்கிய தலைமுறை எங்கள் வீட்டிலேயே இருக்கிறது. கரிப்பானையின் அடிக்கு அதை மிஞ்ச ஒன்றுமில்லை. நொன்ஸ்ரிக் தாச்சிக்கும் கண்ணாடிக்கும் அதைக் கிட்டவும் கொண்டுபோகாதீர்கள், கீறிவிடும். தூசி மூக்குக்குள் போகாமல் முதலில் நனைத்துக்கொள்ளவும் வேண்டும். தேய்க்கப் பொச்சு, போத்தல் கழுவக் காய்ந்த பீர்க்கங்காய்க் கூடு. குத்துவிளக்கு மினுக்க, கறிக்குக் கரைத்து மிஞ்சின பழப்புளிச் சக்கையும் கொஞ்சம் சாம்பலும். இதெல்லாம் உங்களுக்கு நான் சொல்லித்தான் தெரியவேண்டுமென்றில்லை. கார்த்திகை விளக்கீட்டுக்கு முதல் நாள் எங்கள் தெருவில் எந்த வீட்டுக் கிணற்றடியை எட்டிப் பார்த்தாலும் கண்டுகொள்ளலாம்.

மீன் வெடுக்குக்குத் தேசிக்காய்க் கோது. வெடுக்கு காரத்தன்மையான அமீன்களால் வருவது, புளிப்புப் பட்டால் மணமில்லாத உப்பாகிவிடும். இறால் உரித்த கைக்கும் அதேதான். போத்தலில் ஒட்டின லேபலின் பசைக்குத் தோலின் வெளிப்பக்கத்தை மடித்து நசித்துத் தேயுங்கள், அந்த எண்ணெய் பசையைக் கரைக்கும். ஜாம் போத்தல் விளக்கில் படித்த காலத்தில் அந்த எண்ணெயைச் சுடருக்கு நேரே பீச்சிப் பொறி பறக்கவிட்டு அண்ணாவும் நானும் விளையாடுவோம். விளக்கில் திரி முட்டுகிற அளவுக்குத்தான் மண்ணெண்ணெய் இருக்கும், அதைக் காற்றில் அணைத்துவிட்டதற்கு அடி விழும்.

ஒன்றை மட்டும் கொஞ்சம் உரத்துச் சொல்கிறேன். அழுக்கு எடுப்பது வேறு, கிருமி கொல்வது வேறு. 2018 மார்கழியில் இரணைமடு வான்கதவுகள் திறந்து வெள்ளம் வந்தபோது எங்கள் கிணற்றுக்குள்ளும் போனது. அன்றைக்கு எங்களுக்கு உதவியது குளோரீன் தூள்தான். தேசிக்காயும் வேப்பிலையும் அந்த வேலைக்குக் காணாது. இன்னொன்று, அந்தக் குளோரீன் தூளையோ வெளுக்கிற திரவத்தையோ போட்ட இடத்தில் பழத்தோல் போட்டுப் புளித்த அந்தத் தண்ணீரை ஊற்றாதீர்கள். குளோரீன் வாயு கிளம்பும். மலசலகூடம் போன்ற அடைத்த இடத்தில் அது விளையாட்டில்லை. "இயற்கைதானே, ஒன்றும் செய்யாது" என்று சொல்கிறவர்களோடு எனக்கு ஒத்துவராது. எண்ணெய் எடுத்த இலுப்பைப் பிண்ணாக்கைத்தான் அரப்பு என்று தலைக்குத் தேய்த்தோம். நுரைக்கும், எண்ணெய் எடுக்கும். அதைக் குளத்தில் கரைத்தால் மீன் மிதக்கும். இரண்டையும் செய்வது அதிலிருக்கிற சப்போனின் என்கிற நுரைக்கும் பொருள்தான். அழுக்கை எடுக்கிற எதுவும் கொஞ்சமாவது கடிக்கும்.

அப்புறம், சும்மா கிடைக்கிறது என்கிற பேச்சு. கோது சும்மாதான். அதை ஏற்றிவர ஸ்கூட்டிக்குப் பெற்றோல், ஊறவைக்கச் சீனி, அலசத் தண்ணீர். சாம்பலால் மினுக்கின பானைக்குச் சவர்க்காரம் போட்டதைவிட ஒரு வாளி கூடத் தண்ணீர் போகிறது. பங்குனி, சித்திரையில் கிணறு அடிக்குப் போனால் நான் பேசாமல் கடைத் திரவத்துக்கு மாறிவிடுவேன். எல்லாவற்றையும்விட நேரம், அதுவும் வீட்டில் யாருடைய நேரம் என்று பார்க்கவேண்டும். நான் முகநூலில் போட்ட படத்துக்குக் கீழே "நம் முன்னோர் முட்டாள்களில்லை" என்று எழுதின அண்ணா ஒருவர், அவர் வீட்டில் சாம்பல் அரிக்கிறது யார் என்று எழுதவில்லை.

இனி அம்மாவின் கதை.

1996இல் எனக்குப் பன்னிரண்டு வயது. ஒட்டுசுட்டான் பக்கம் இருந்தோம். யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்த இரண்டு குடும்பம் எங்கள் வளவுக்குள். பொருளாதாரத் தடைக் காலம். சவர்க்காரக் கட்டி எப்போதாவது ஒன்று கையில் அகப்பட்டால் அம்மா அதை நூலால் ஆறாக வெட்டுவார். கத்தியால் வெட்டினால் தூள் வீணாகிவிடுமாம். ஒரு துண்டு குளிக்க மட்டும், அதுவும் வெள்ளிக்கிழமைக்கு. எரிசோடா காய்ச்சிய மனிசனின் மகள், அப்பா இருந்த ஊருக்கு ஒரு மணித்தியாலத் தூரத்தில் இருந்துகொண்டு, சவர்க்காரத்தை நூலால் வெட்டிக்கொண்டிருந்தார்.

உடுப்புக்குப் பனம்பழம். ஆடி, ஆவணியில் விடிய எழும்பினால் வடலிக்கப்பால் "தொப்" என்று விழும் சத்தம் கேட்கும். விழுந்ததில் நல்லது பணியாரத்துக்கும் பினாட்டுக்கும். அடிபட்டது, வண்டு துளைத்தது எல்லாம் கிணற்றடிக்கு. அம்மா மேல்தோலை உரித்துவிட்டு வாளித் தண்ணீருக்குள் கொட்டையைப் பிசைவார். செம்மஞ்சளாகக் களி கரையும், மேலே நுரை கட்டும். எங்கள் வன்னீரில் சவர்க்காரம்கூட அப்படி நுரைத்ததில்லை. அதற்குக் காரணம் பல வருடம் கழித்துப் படிக்கும்போதுதான் தெரிந்தது. பனங்களியில் சப்போனின் வகை ஒன்று இருக்கிறது. பனையின் விஞ்ஞானப் பெயர் பொராசஸ் பிளபெலிஃபர் என்பதை வைத்து அதற்குப் பிளபெலிஃபெரின் என்று பெயர். சில பழத்துப் பணியாரத்தில் வருகிற கசப்பும் அதனால்தான். சவர்க்காரம் போல அது கல்சியத்தோடு சேர்ந்து திரளுவதில்லை. அழுக்கு உண்மையாகவே போனது.

ஆனால் வெள்ளைச் சட்டையில் ஒரு மஞ்சள் ஓடும். இரண்டு நாள் வெயிலில் போட்டால் மங்கும், முழுதாகப் போகாது. மணம் போகவே போகாது. வகுப்பு முழுக்கப் பனம்பழம் மணக்கும், எல்லாரும் மணப்பதால் யாருக்கும் வெட்கமில்லை. ஒரே ஒருத்தியின் மாமா வவுனியாவிலிருந்து வாசச் சவர்க்காரம் ஒன்று எப்படியோ கொண்டுவந்து கொடுத்திருந்தார். அடுத்த நாள் இடைவேளையில் அவளுடைய தோள்பட்டையை மணந்து பார்க்க நாங்கள் வரிசையில் நின்றோம். நானும் நின்றேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்து என் சட்டையைக் கழற்றி எறிந்து, "இது மாட்டுக்கு வைக்கிற சாமான்" என்று அம்மாவிடம் கத்தினேன்.

மாடும் அப்படித்தான் நினைத்தது போல. அடுத்த கிழமை கொடியில் காய்ந்த அண்ணாவின் சட்டையின் கொலரையும் ஒரு கையையும் பக்கத்து வளவு மாடு சப்பி முடித்துவிட்டது. அண்ணாவுக்கு இருந்தது இரண்டு சட்டை. அம்மா அந்த மீதித் துணியைக் கையில் வைத்துக்கொண்டு கிணற்றுக்கட்டில் கனநேரம் இருந்தார். மாட்டை அடிக்கவுமில்லை, ஆரையும் பேசவுமில்லை. 2002இல் பாதை திறந்து சாமான் வரத் தொடங்கியபோது அம்மா முதன்முதலில் வாங்கியது சவர்க்காரம். ஒரு கட்டி இல்லை, ஒரு டசின். இப்போதும் அம்மாவின் அலுமாரியில் சேலைகளுக்கு நடுவில் எப்போது பார்த்தாலும் ஆறு கட்டியாவது இருக்கும்.

அதனால்தான் அந்தக் கேள்வி. எனக்கு இது ஒரு பரிசோதனை. அம்மாவுக்கு அது திரும்ப வந்துவிடக் கூடாத காலம். கோதுப் பையோடு நான் வாசலில் இறங்கும்போது அம்மாவின் முகம் ஏன் அப்படிப் போகிறது என்று விளங்க எனக்கு இவ்வளவு காலம் எடுத்தது.

இந்த ஆவணியில் பின்வளவில் விழுந்த பழத்தில் அடிபட்டதாக இரண்டை எடுத்து வைத்தேன். சின்னவளுக்குக் காட்டவேண்டும் என்பது ஒரு சாட்டு. அவளுடைய பழைய வெள்ளைச் சட்டை ஒன்றைக் கிணற்றடியில் போட்டு, கொட்டையைக் கையில் பிடித்து நேரே துணியில் தேய்க்கத் தொடங்கினேன். அம்மா குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வாசற்படியில் ஒரு கால், உள்ளே ஒரு கால்.

"அப்பிடியில்லை. தும்பு துணியிலை சிக்கும்."

நான் தொடர்ந்து தேய்த்தேன். தும்பு சிக்கியது.

அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்து என் கையிலிருந்த கொட்டையை வாங்கி வாளிக்குள் போட்டார். இரண்டு கையாலும் பிசைந்தார், பழைய வேட்டித்துண்டொன்றைக் கேட்டு வாங்கி வடித்தார், வடித்த தண்ணீருக்குள் சட்டையை அமத்தினார். நுரை முழங்கை வரைக்கும் ஏறியது. சின்னவள், "அம்மம்மா, ஷம்போ மாதிரி!" என்று கத்தினாள். அம்மா சிரிக்கவில்லை, ஆனால் கையையும் எடுக்கவில்லை. கல்லில் நாலு அடி, அலசல் மூன்று. பிறகு ஈரக்கையோடு உள்ளே போய் அலுமாரியிலிருந்து புதுச் சவர்க்காரக் கட்டி ஒன்றை உடைத்துக்கொண்டு வந்து கொலருக்கு மட்டும் ஒரு இழுப்பு இழுத்தார்.

"இப்ப இருக்குத்தானே" என்றார்.

சட்டையை உதறிப் பிழிந்து என்னிடம் நீட்டிவிட்டு, வேலிப்பக்கம் எட்டிப் பார்த்தார்.

"முதல் அந்தக் கண்டைப் பிடிச்சுக் கட்டிப்போட்டு வா. பிறகு கொடியிலை போடு."